மேல்முனைக்குக் கீழே

இந்தப் பலகைக்கு அடியிலும் மண்தான் இருந்தது. இங்கிலாந்தில் ஹெரிஃபர்ட் பக்கம் எந்த வயலைத் தோண்டினாலும் கிடைக்கிற அதே ஈரமான செம்மண்.

வில்ஃப் ப்ரீஸ் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். "ஒண்ணு மட்டும் நிச்சயம் பாஸ். இங்க உருளைக்கிழங்கு நல்லா வரும்."

ஐரிஸ் பாக்னல் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் எதற்கும் சிரிக்கவில்லை. இருபது வருடம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள் அவள். வில்ஃப் முன்பு லாரி ஓட்டியவன். அவளிடம் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய காரை ஓட்டுகிறான், கதவுகளை உடைக்கிறான், வாயை மட்டும் மூடுவதே இல்லை.

"அடுத்த பலகை," என்றாள்.

"அடுத்த பலகை கிடையாது," என்றது வாசற்பக்கமிருந்து ஒரு குரல். மார்ல்வுட் மாளிகையின் சொந்தக்காரர் ஜெர்வேஸ் ஹாப்டன் இரண்டு வேட்டை நாய்களோடு நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. அந்தத் தரை தன்னுடைய கொள்ளுப்பாட்டனாரின் கொள்ளுப்பாட்டனார் போட்டது என்றும், ஒரு அரசனே அதன்மேல் நடந்திருக்கிறான் என்றும், இன்னொரு ஆணியைத் தொட்டால் வக்கீலைக் கூப்பிடுவதாகவும் சொன்னார். காலையிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அரசன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான்.

"ஒரு மனுஷன் உயிர் போயிட்டிருக்கு, மிஸ்டர் ஹாப்டன்."

"அந்த மனுஷன் என் வீட்டுலதான் இருக்கான்னு யார் சொன்னது? சார்ஜென்ட் அகழியில தேடறார். அவர் வேலையை அவர் பாக்கறார். நீங்க என் வீட்டை உடைக்கறீங்க." நாய்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

காணாமல் போனவர் எட்வின் ஸ்டாலார்ட். பழைய வீடுகளைப் பார்த்து, எந்தச் சுவர் எந்தக் காலத்தது, எந்த உத்திரம் எப்போது ஏறியது என்று சொல்வது அவர் தொழில். ஹாப்டன் இந்த மாளிகையை ஒரு அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய் நிம்மதியாக இருக்க நினைத்தார். அறக்கட்டளைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எப்படிக் கட்டினார்களோ, வீடு அப்படியே இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஸ்டாலார்ட் நேற்றுக் காலை வந்தார். இன்று காலை அறக்கட்டளைக்காரர்கள் வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு, அறிக்கை வராததால் அது நின்றுபோயிருந்தது.

நேற்று மதியம், இந்த வீட்டு நடையிலிருந்த தொலைபேசியில் அவர் மனைவி மார்ஜரியைக் கூப்பிட்டிருக்கிறார். குரலில் குஷி இருந்ததாம். "மேல்முனைக்குக் கீழ ஒரு அறை இருந்தே ஆகணும் மார்ஜரி. சாப்பிட்டுட்டு இறங்கிப் பாக்கப் போறேன்." அதோடு சரி. இரவு வரை வீடு திரும்பாததால் மார்ஜரி முதலில் போலீஸைக் கூப்பிட்டாள். போலீஸ் அசட்டையாகப் பேசவே, விடிந்ததும் ஐரிஸைக் கூப்பிட்டாள். ஸ்டாலார்டின் கார் வாசலிலேயே நின்றது. அதன் பின் சீட்டில் அவருடைய பை. பைக்குள் இன்சுலின் பெட்டி. அது இல்லாமல் அவரால் அதிக நேரம் தாங்க முடியாது என்று மார்ஜரி அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

ஆக, கையில் இருந்த துப்பு அந்த ஒரே வாக்கியம்தான். அதில் புரியாதது எதுவும் இல்லை. இந்த மாதிரி வீடுகளில் நடுவே ஓங்கிய கூரையோடு பெரிய கூடம் இருக்கும். கூடத்தின் ஒரு முனையில் தரையை ஒரு படி உயர்த்தி, வீட்டுத் தலைவர் மேசை போட்டு உட்காருவார். அது மேல்முனை. எதிர்முனையில் சமையல்காரர்களும் வேலைக்காரர்களும் நடமாடும் கதவுகள். அது கீழ்முனை. மார்ல்வுட் கூடத்தில் கிழக்குப் பக்கம் உயர்ந்த தரை, பெரிய ஜன்னல், ஹாப்டன்களின் படங்கள். மேற்குப் பக்கம் சமையலறை. குழந்தைகூடக் காட்டிவிடும் எது மேல்முனை என்று. கிழக்கு முனையில் பாதித் தரையைப் பெயர்த்தாகிவிட்டது. மண், மண், மண்.

அந்தப் பக்கம் எங்கேயாவது நிலவறை உண்டா என்று காலையிலேயே வீட்டுக்காரரின் தங்கை ஃபிலிப்பாவிடம் ஐரிஸ் கேட்டிருந்தாள். ஃபிலிப்பா அறுபதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள். அண்ணனுக்கும் அந்த வீட்டுக்கும் சமைத்துப் போட்டே காலம் போய்விட்டது. சமையலறையில் ஐரிஸுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே, இருந்தால் மேல்முனையில்தான் இருக்க வேண்டும், தான் பார்த்ததில்லை என்றாள். சமையல் பக்கம் நிலவறைக்கு வழியே இல்லை, ஒரு முழம் தோண்டினால் அகழித் தண்ணீர் ஊறும் என்றாள். அவளிடம்தான் ஐரிஸ் இன்சுலின் விஷயத்தைச் சொன்னாள். ஃபிலிப்பா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் அதன் கைப்பிடியை விடாமலே நின்றாள். பாவம், என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே அகழியில் ஒரு படகு மிதந்தது. சார்ஜென்ட் மேடாக்ஸ் அதில் நின்று கொக்கி போட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இதுவரை ஒரு சைக்கிளும் ஒரு துருப்பிடித்த குளியல் தொட்டியும் அகப்பட்டிருந்தன.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு குளியலறையே தேறிடும்," என்றான் வில்ஃப்.

"போய் அந்த மருந்துப் பெட்டியை எடுத்துட்டு வா. ஆளைக் கண்டுபிடிச்சா அந்த நிமிஷமே கையில இருக்கணும்."

வில்ஃப் போனான். திரும்பி வரும்போது அவன் நடையில் வழக்கமான துள்ளல் இல்லை. "பாஸ், பை இருக்கு. பெட்டி இல்ல."

ஐரிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. காலையில் பையைத் திறந்து பார்த்தவன் அவன்தான். காரைப் பூட்டச் சொன்னது அவள். பூட்டினாயா என்று கேட்டாள். சாவி சார்ஜென்டிடம் இருந்தது, அவர் படகிலிருந்தார் என்றான். அதற்குப் பிறகு அவள் பேசிய பேச்சை மார்ல்வுட் கூடம் ஐந்நூறு வருடத்தில் கேட்டிருக்காது. பலகை, மண், ஹாப்டன், படகு, மார்ஜரியின் அழுகை எல்லாம் சேர்ந்து அவன் தலையில் இறங்கியது. வில்ஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "இன்சுலினைப் போய் எவன் பாஸ் திருடுவான்? ரேடியோவை விட்டுட்டு? கார்ல புது ரேடியோ இருக்கு. நானா இருந்தா அதைத்தான் எடுப்பேன்."

ஐரிஸ் அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ரேடியோவை எடுப்பேன்னேன். சும்மா பேச்சுக்கு."

ஐரிஸ் உயர்ந்த தரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். பேச்சு இப்போது மெதுவாக வந்தது. "செத்தவனுக்கு மருந்து எதுக்கு? எங்கேயோ ஓடிப்போனவனுக்கு இங்கிருந்து மருந்து எதுக்கு? எடுத்தவங்களுக்கு அவர் எங்க இருக்கார்னு தெரியும், வில்ஃப். உயிரோட இருக்கார்னும் தெரியும். அவரைச் சாகவிட மனசில்ல. வெளிய விடவும் மனசில்ல."

"அப்போ வீட்டுலதான் இருக்கார்."

"வீட்டுலதான். நம்மள விரட்டிட்டே இருக்கற ஆள்தான் எடுத்திருக்கணும்." ஹாப்டனின் நாய்கள் குரைப்பது தோட்டத்தில் கேட்டது. "அந்தாள் ஏன் ஒவ்வொரு பலகைக்கும் குதிக்கறார்னு இப்பப் புரியுது. நாம கிட்ட வந்துட்டோம்."

மீதித் தரையையும் பெயர்த்தார்கள். ஹாப்டன் வந்து கத்தவில்லை. அது ஐரிஸின் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. கடைசிப் பலகை வரை போனார்கள். அடியில் செம்மண்ணும் ஒரு செத்த எலியும் இருந்தன.

ஐரிஸ் கையிலிருந்த சுத்தியலை அந்தப் பள்ளத்துக்குள் வீசினாள். பல வருடங்களாக அவள் எதையும் வீசியதில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. எங்கோ பக்கத்தில், காலுக்குக் கீழேயோ சுவருக்குப் பின்னாலோ ஒருவர் படுத்திருக்கிறார், நாம் வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு அவளை விடவில்லை.

வில்ஃப் மேல்முனையில் பெயர்த்துப் போட்ட பலகைகளின்மேல் மல்லாந்து படுத்துவிட்டான். முதுகு போய்விட்டது என்றான். ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றான். அந்த ஐந்து நிமிடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த ஹாப்டன் வம்சம் ஏமாந்த வம்சம் பாஸ். மேல பாருங்க. அந்த நடு உத்திரம் இருக்கே, இங்கிருந்து பாத்தா மொட்டை. வெறும் கட்டை. மதியம் சமையலறைக்குப் போறப்ப அண்ணாந்து பாத்தேன், அந்தப் பக்கம் பூவும் கொடியுமா என்ன வேலைப்பாடு. வீட்டுக்காரர் சாப்பிடும்போது மொட்டைக் கட்டையைப் பாக்கணும், பாத்திரம் கழுவறவன் பூவேலையைப் பாக்கணும். தச்சன் அன்னைக்கு நல்லாக் குடிச்சிருக்கான்."

ஐரிஸ் எழுந்து கூடத்தின் நடுவுக்குப் போனாள். உத்திரத்தின் கீழே நின்று கிழக்கிலிருந்து பார்த்தாள். மேற்கே போய் நின்று பார்த்தாள். அடுத்த உத்திரமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். செதுக்கல் எல்லாம் சமையலறையைப் பார்த்து இருந்தது. மரங்களை இணைக்கும் ஆப்புகள் அடித்த நல்ல முகமும் அந்தப் பக்கமே. கூரை மரங்களில் பழைய அடுப்புப் புகையின் கருப்பும் மேற்குப் பாதியில்தான் அப்பியிருந்தது. புகைபோக்கி இல்லாத காலத்தில் கூடத்துத் தரையிலேயே தீ மூட்டுவார்கள். குளிரில் வீட்டுத் தலைவர் தீக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"தச்சன் குடிக்கல," என்றாள். "காசு கொடுத்தவன் கண்ணுக்குப் படற மாதிரிதான் செதுக்கியிருக்கான். காசு கொடுத்தவன் அந்தப் பக்கம் உக்காந்திருந்தான். பின்னால வந்த ஹாப்டன் எவனோ வெயிலுக்கு ஆசைப்பட்டு வீட்டைத் திருப்பிப் போட்டுட்டான். மேசையைக் கிழக்கே கொண்டு வந்தான், அடுப்பை மேற்கே கொண்டு போனான். ஸ்டாலார்ட் மேல்முனைன்னு சொன்னது இதை இல்ல."

வில்ஃப் முதுகுவலியை மறந்து எழுந்தான். "அப்போ காலையிலேர்ந்து நாம வேலைக்காரங்க உக்கார்ற இடத்தைத் தோண்டிட்டிருந்தோமா?"

ஐரிஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

சமையலறையை ஒட்டி இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் ஜாடிகளும் ஆப்பிள் மதுப் பீப்பாய்களும். மற்றதில் தரை முழுக்க விறகு, இடுப்பளவுக்கு. மழை படாமல் விறகு அடுக்கத் தோட்டத்தில் கொட்டகை இருந்தது, வரும்போது அது பாதி காலியாகக் கிடந்ததை ஐரிஸ் பார்த்திருந்தாள். இங்கே விறகு அடுக்கப்படவில்லை, கொட்டப்பட்டிருந்தது. இருவரும் பேசாமல் அள்ளி எறிந்தார்கள். அடியில் கல்தரை, கல்தரையில் மரக்கதவு, கதவில் இரும்பு வளையம்.

கதவைத் தூக்கியதும் குளிர்ந்த காற்று வந்தது. கற்படிகள் இறங்கின. கீழே வளைந்த கல்கூரை போட்ட நீண்ட அறை. தரை ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது. அகழிப் பக்கச் சுவரில், வெளியே கொடி மூடிய ஒரு சின்னத் துவாரம். அதற்குக் கீழே கம்பளி போர்த்தி ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. டார்ச் வெளிச்சம் படாமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, "கூரையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "ஒரு கல்லுகூட நகரல."

"இவர்தான்," என்றான் வில்ஃப். "சந்தேகமே இல்ல."

பக்கத்தில் இன்சுலின் பெட்டி திறந்து கிடந்தது. துணி உலர்த்தும் கயிறு கட்டிய ஒரு கூடை, அதில் ஒரு ஃபிளாஸ்க், பாதி தின்ற ரொட்டி. மதியத்துக்கு மேல் துவாரம் வழியாக இறங்கியது என்றார் ஸ்டாலார்ட். அதற்கு முன்னால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வில்ஃப் ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ரொட்டியில் வெண்ணெய் மட்டும், ஜாம் இல்லை.

"ஹாப்டனுக்குத் தேநீர் போடத் தெரியுமா பாஸ்? காலையில நம்ம முன்னாடியே கெட்டில் எதுன்னு தேடினார்."

ஐரிஸ் ஃபிளாஸ்கை வாங்கி மூடினாள். சர்க்கரை வியாதி என்று அவள் இந்த வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். நாள் முழுக்க ஹாப்டனின் கத்தலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கெட்டிலின் கைப்பிடியை விடாமல் நின்றவளைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நேத்து நான் கீழ இருந்து கூப்பிட்டேன்," என்றார் ஸ்டாலார்ட். "கதவு மூடிக்கிச்சுன்னு. இதோ வர்றேன்னு ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சு. அப்புறம் விறகு விழற சத்தம்."

படியின் மேலே நிழல் விழுந்தது. ஃபிலிப்பா ஏப்ரனோடு நின்றிருந்தாள். ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு ராத்திரிதான் என்று நினைத்ததாகச் சொன்னாள். காலையில் அறக்கட்டளைக்காரர்கள் வருவார்கள், அறிக்கை இல்லாததால் திரும்பிப் போவார்கள், அதற்குப் பிறகு திறந்துவிடலாம் என்று. அவர்கள் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அதன்பின் திறக்கப் பயம், திறக்காமலிருக்கவும் பயம்.

"எங்கண்ணன் ஜெர்வி கடற்கரையில ஒரு அறை பாத்து வெச்சிருக்கான்," என்றாள். "ஒரு ஆளுக்கு. நான் எங்க போவேன்னு அவன் கேக்கவே இல்ல. மறந்துட்டான்னு நெனக்கிறேன். கெட்ட எண்ணம் கிடையாது."

ஸ்டாலார்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றார். முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது. "மிஸ் ஹாப்டன், இது திருப்பிப் போட்ட வீடு. திருப்பிப் போட்ட வீட்டை அவங்க எடுக்க மாட்டாங்க. மதியமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இறங்கிப் பாத்து உறுதிபண்ணிட்டு மேல வந்து உங்க அண்ணன்கிட்ட அதைத்தான் சொல்ல இருந்தேன். நீங்க என்னை அடைக்காம இருந்திருந்தா, நேத்து சாயங்காலமே உங்க வீடு உங்களுக்கு மிஞ்சியிருக்கும்."

ஃபிலிப்பா படியில் உட்கார்ந்தாள்.

சார்ஜென்ட் மேடாக்ஸ் நனைந்த பூட்ஸோடு வந்து சேர்ந்தார், பின்னால் ஹாப்டன். என்ன நடந்தது என்று சார்ஜென்ட் கேட்டார். ஸ்டாலார்ட் ஐரிஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறகு தானாகச் சரிந்திருக்கும் என்றார். பழைய வீடு, இப்படி நடப்பதுதான் என்றார். சார்ஜென்டும் நிம்மதியாகத் தலையாட்டினார். எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

ஐரிஸுக்கு அந்தக் கணம் பலகையைவிட, மண்ணைவிட, படகைவிட வெறுப்பாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமலிருக்க முயன்றாள், முடியவில்லை. மார்ஜரி தொலைபேசியில் அழுததை நினைத்துக்கொண்டாள்.

"விறகு தானா சரியல, சார்ஜென்ட்," என்றாள். "இவங்க கொட்டினாங்க. ராத்திரி முழுக்கத் திறக்கல. மருந்து கொண்டுவந்து கொடுத்ததும் இவங்கதான். ரெண்டையும் எழுதிக்குங்க. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை எழுதாதீங்க."

ஸ்டாலார்ட் அவளை மன்னிக்காத பார்வை பார்த்தார். காலையிலிருந்து யாரைத் தேடினாளோ அவரே.

ஃபிலிப்பா ஏப்ரனை அவிழ்த்தாள், நாலாக மடித்து விறகின்மேல் வைத்தாள். தங்கையை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல் ஹாப்டன் வாய் திறந்து நின்றார். "அடுப்புக்குள்ள ஆட்டுத்தொடை வெச்சிருக்கேன், ஜெர்வி. தோல் செவந்ததும் எடுத்துடு," என்றாள் அவரிடம். சார்ஜென்ட் கையைப் பிடிக்க வந்தபோது, தானே நடப்பதாகச் சொல்லிவிட்டு முன்னால் போனாள்.

போலீஸ் கார் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஐரிஸ் நடையிலிருந்த தொலைபேசிக்குப் போனாள், மார்ஜரியிடம் பேசினாள், திரும்பினாள். சமையலறையில் கருகல் வாடை அடித்தது. ஹாப்டன் பல கதவுகள் வைத்த அந்தப் பெரிய இரும்பு அடுப்பின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். உதவப்போன வில்ஃபின் சட்டையைப் பிடித்து ஐரிஸ் நிறுத்தினாள்.

ஜெர்வேஸ் ஹாப்டன் அடுப்பின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிக்கொண்டிருந்தார்.